எந்த ட்ரைவ் எது? மீட்பு ட்ரைவ் உருவாக்கும் முன் அறிய வேண்டியவை

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்த கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் காத்தான்குடியிலோ கல்லடியிலோ நாவலடியிலோ இருக்க முடியாது. மௌத்தானவர்களைப் பற்றிச் சொல்லி முடித்த பின்னர் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: "ஒரு போட்டோவும் மிஞ்சல்ல." கலியாண அல்பம், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் கடதாசியில் இருந்த காலம் அது. தண்ணீர் அவற்றைக் கொண்டு போய்விட்டது.

இன்று அதே நினைவுகள் எமது வீடுகளில் கணினியிலும் வன்தட்டிலும் இருக்கின்றன. அவற்றை அழிக்க வெள்ளமோ கடலோ வரத் தேவையில்லை. பிழையான இடத்தில் ஒரு தடவை சொடுக்கினால் போதும். இதை நான் பாடப்புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் கையாலேயே செய்து அறிந்தேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

உயர்தர முதலாம் வருட விடுமுறையில் நடந்தது இது. "கணினி நல்லா இருக்கிற நேரத்திலேயே ஒரு மீட்பு ட்ரைவ் செய்து வையுங்க பிள்ளைகள், பழுதான பிறகு தேடினால் கிடைக்காது" என்று எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியை சொல்லியிருந்தார். காக்காவிடம் 32 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றை வாங்கிக் காலையில் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். அது 'ஈ' என்ற எழுத்தில் காட்டியது. பிறகு சமையலுக்கு உதவ உம்மா கூப்பிட்டதால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

பின்னேரம் வாப்பாவின் வெளி வன்தட்டை முதன்முறையாக அந்த மடிக்கணினியில் செருகி, தாத்தாவின் கலியாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது செருகியபடியே இருக்க, பென் ட்ரைவையும் செருகி வேலையைத் தொடங்கினேன். திரையில் இரண்டு ட்ரைவ்கள் வந்தன. 'ஈ' என்பதைத் தெரிவு செய்தேன். அதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்று திரை எச்சரித்தது. பென் ட்ரைவில் என்ன இருக்கிறது என்று எண்ணி அடுத்த பொத்தானையும் அழுத்தினேன்.

காலையில் காலியாகியிருந்த 'ஈ' எழுத்தைப் பின்னேரம் வாப்பாவின் வன்தட்டு எடுத்துக்கொண்டிருந்தது. பென் ட்ரைவுக்கு அடுத்த எழுத்தான 'எப்' கிடைத்திருந்தது. கணினி எந்தப் பிழையும் செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தது.

ஊரில் கணினி திருத்தும் ஒருவர் மூன்று நாள் முயன்று படங்களில் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். ஆனால் கோப்புகளின் பெயர்களும் கோப்புறைகளும் போய்விட்டன. மூத்தம்மா மௌத்தாகுவதற்கு முந்திய வருடம், அவர் தாலாட்டுப் படிக்கக் காக்கா எடுத்த வீடியோ கிடைக்கவே இல்லை. அவருடைய குரல் இருந்த ஒரே பதிவு அது. வாப்பா என்னை ஏசவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மீட்பு ட்ரைவ் என்றால் என்ன?

கணினி தொடங்க மறுக்கும்போது அதை வெளியிலிருந்து தொடக்கிப் பழுதுபார்க்க உதவும் பென் ட்ரைவே மீட்பு ட்ரைவ். விண்டோஸில் தேடல் பெட்டியில் 'ரிகவரி ட்ரைவ்' என்று தேடினால் இதை உருவாக்கும் கருவி வரும். இதற்குக் குறைந்தது 16 ஜிபி பென் ட்ரைவ் வேண்டும் என்று மைக்ரோசொப்ட் கூறுகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவும் பென் ட்ரைவ் வேறொன்று. அதற்கு 8 ஜிபி போதும். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு முடிவடைந்ததால், பல வீடுகளில் இந்த இரண்டாவது வகையின் தேவையும் கூடியிருக்கிறது.

இங்கே இரண்டு விடயங்களை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, எந்த வகையானாலும் தெரிவு செய்யப்படும் ட்ரைவ் முழுமையாக அழிக்கப்பட்ட பின்னரே அது உருவாகும். இரண்டு, மீட்பு ட்ரைவில் விண்டோஸின் கோப்புகள் மட்டுமே இருக்கும். உங்கள் படங்களும் பாடக்குறிப்புகளும் அதில் இருக்கா. அவற்றுக்குத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும்.

வட்டையும் வரம்பும்

ட்ரைவ், பார்ட்டிஷன் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றென நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வன்தட்டு அல்லது பென் ட்ரைவ் என்பது கையால் தொடக்கூடிய பொருள். அதை ஒரு வயற்காணி என்று வைத்துக்கொள்வோம். ஒரே காணியை வரம்பு கட்டிப் பல துண்டுகளாகப் பிரிக்கலாம். அந்தத் துண்டுகளே பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள். எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் பிரிவு அட்டவணை ஒன்றும் தட்டிலேயே இருக்கும். அது காணியின் வரைபடம் போன்றது.

பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ளே இருப்பது ஒரேயொரு தட்டுத்தான். ஆனால் 'திஸ் பீசி' பகுதியில் சீ, டீ என்று இரண்டு தெரியும். இரண்டு தட்டுகள் இருப்பதாக நாம் நினைத்துவிடுகிறோம். 'டீயில் பிரதி வைத்திருக்கிறேன், சீ பழுதானாலும் பயமில்லை' என்று சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். அவை ஒரே காணியின் இரண்டு துண்டுகளாக இருந்தால், தட்டு பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

எழுத்தே இல்லாத சிறு துண்டுகளும் உண்டு. கணினி தொடங்குவதற்கு உதவும் 'ஈஎப்ஐ' பிரிவு பெரும்பாலும் 100 முதல் 260 எம்பி வரை இருக்கும். 'ரிகவரி' என்ற பிரிவு பெரும்பாலும் 500 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்கும். இவற்றைப் பயனற்ற இடம் என்று எண்ணி அழித்தால், வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மூடியதற்குச் சமம்.

எழுத்து ஏன் மாறுகிறது?

வாவிக்கரைக்குப் போனால் தோணிகள் வரிசையாகக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். இன்று மூன்றாவதாக நிற்கும் தோணி நாளை ஐந்தாவதாக நிற்கும். மூன்றாவது இடத்தில் நிற்கிறது என்பதற்காக எவரும் அதை எடுத்துக்கொண்டு போவதில்லை. தோணியின் நீளம், நிறம், இலக்கம் பார்த்தே தம்முடையதை அறிவார்கள்.

ட்ரைவின் எழுத்தும் தோணி நிற்கும் இடம் போன்றதுதான். நெகிழ்தட்டுக் காலத்தில் ஏ, பீ என்ற எழுத்துகள் அவற்றுக்கு ஒதுக்கப்பட்டன. அதனால் வன்தட்டு சீயில் தொடங்கியது. அதற்குப் பின் செருகப்படும் ட்ரைவ்களுக்குக் காலியாக உள்ள எழுத்தை விண்டோஸ் கொடுக்கிறது. முன்பு கொடுத்த எழுத்தை நினைவில் வைத்துத் திரும்பக் கொடுக்கவும் பார்க்கும். ஆனால் அந்த எழுத்தை வேறொரு ட்ரைவ் எடுத்திருந்தால் அடுத்ததைக் கொடுத்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

மீட்பு ட்ரைவிலிருந்து கணினியைத் தொடக்கும்போது இந்த மாற்றம் இன்னும் கூடும். அப்போது இயங்கும் சிறிய விண்டோஸுக்கு 'எக்ஸ்' என்ற எழுத்து இருக்கும். வழமையான சீ ட்ரைவ் அங்கே டீ என்றும் தோன்றலாம். லினக்ஸில் எழுத்துக்குப் பதிலாக எஸ்டீஏ, எஸ்டீபீ போன்ற பெயர்கள் வரும். அவையும் நிலையானவையல்ல.

அளவே அடையாளம்

அப்படியானால் எதை நம்புவது? முதலில் அளவை. 1000 ஜிபி வன்தட்டையும் 32 ஜிபி பென் ட்ரைவையும் அளவு பார்த்தால் எவரும் மாற்றி எடுக்க மாட்டார்கள். ஆனால் உறையில் எழுதியிருக்கும் அளவும் திரையில் காட்டும் அளவும் ஒன்றாக இராது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் நினைப்பதுண்டு. காரணம் ஒரு சிறு கணக்கு.

உற்பத்தியாளர் ஒரு ஜிபியை 1,000,000,000 பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஐ மூன்று தடவை பெருக்கி, 1,073,741,824 பைட்டுக்கு ஒரு ஜிபி என்று காட்டுகிறது. ஆகவே 500 ஜிபி என்று விற்கப்படும் தட்டு 500,000,000,000 ஐ 1,073,741,824 ஆல் வகுக்க வரும் 465 ஜிபி என்றே தெரியும். இவ்வாறே 16 ஜிபி ஏறத்தாழ 14.9 ஆகவும், 32 ஜிபி 29.8 ஆகவும், 64 ஜிபி 59.6 ஆகவும், 256 ஜிபி 238 ஆகவும், 1 டெராபைட் 931 ஆகவும் தெரியும். பென் ட்ரைவ்களில் இதைவிடச் சற்றுக் குறைந்தும் இருக்கலாம். இந்த எண்களை ஒரு துண்டில் எழுதிக் கணினி மேசையில் ஒட்டி வையுங்கள். இரும எண் பாடத்துக்கும் இது நல்ல பயிற்சி.

அளவுக்கு அடுத்தபடி, ட்ரைவுக்கு நாம் வைத்த பெயர், உள்ளே இருக்கும் கோப்புகள், உற்பத்தி நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைப் பார்க்கலாம். இவற்றில் குறைந்தது இரண்டாவது பொருந்த வேண்டும்.

தட்டுகளை ஒரே பார்வையில் பார்க்க

ஸ்டார்ட் பொத்தானின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'டிஸ்க் மெனேஜ்மென்ட்' என்பதைத் திறவுங்கள். இங்கே பார்ப்பதுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். எதையும் மாற்றக் கூடாது. கீழ்ப்பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு தட்டு. வரிசைக்குள் இருக்கும் பெட்டிகள் அதன் பிரிவுகள். இடப்பக்கத்தில் தட்டின் மொத்த அளவு இருக்கும். பென் ட்ரைவ் பெரும்பாலும் 'ரிமூவபிள்' என்று குறிக்கப்பட்டிருக்கும். வெளி வன்தட்டு பெரும்பாலும் உள் தட்டைப் போலவே 'பேசிக்' என்று தெரியும். ஆகவே வெளியில் செருகிய எல்லாமே ரிமூவபிள் என்று காட்டும் என எண்ணிவிடக் கூடாது.

உள் தட்டு பெரும்பாலும் டிஸ்க் 0 ஆக இருக்கும். எனினும் ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுள்ள கணினிகளில் அந்த இலக்கமும் மாறலாம். அங்கும் அளவையே பாருங்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு

1. வெளி வன்தட்டு, மெமரி கார்ட், கையடக்கத் தொலைபேசி எல்லாவற்றையும் கழற்றுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தாலே எங்கள் வீட்டில் எதுவும் நடந்திராது.

2. பென் ட்ரைவைச் செருகும் முன் 'திஸ் பீசி'யைத் திறந்து பாருங்கள். செருகிய பின் புதிதாக வருவதே உங்கள் பென் ட்ரைவ். அதன் எழுத்தையும் அளவையும் அந்த நேரத்திலேயே கடதாசியில் எழுதுங்கள்.

3. அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேண்டியவை இருந்தால் வேறிடத்தில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திறக்கிறதா என்றும் பாருங்கள்.

4. வலப்பக்கச் சொடுக்கு, ரீநேம் மூலம் அதற்குத் தனிப் பெயர் ஒன்று வையுங்கள். 11 எழுத்துக்குள் இருந்தால் நல்லது. இனிப் பட்டியலில் அந்தப் பெயர் தெரியும்.

5. மடிக்கணினியை மின்னில் இணைத்து, பெற்றரியிலும் போதிய சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிய ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகலாம். நடுவில் மின்வெட்டு வந்தாலும் நிற்கக் கூடாது.

6. கருவியைத் திறந்து ட்ரைவைத் தெரிவு செய்யும் இடத்துக்கு வந்ததும், கடதாசியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்டது தெரிந்தாலோ, பெயர் பொருந்தாவிட்டாலோ 'கேன்சல்' செய்துவிட்டு முதலாம் படிக்குத் திரும்புங்கள்.

7. அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை வந்ததும் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கணினி தெரியாத உம்மாவாக இருந்தாலும் சரி. அடுத்தவருக்கு வாசிக்கும்போது நாமும் கவனமாக வாசிப்போம்.

8. முடிந்ததும் முறைப்படி கழற்றி, எந்தக் கணினிக்குரியது, எந்தத் திகதியில் செய்தது என்று எழுதி ஒட்டுங்கள். வருடத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்யுங்கள்.

64 ஜிபி பென் ட்ரைவைப் பாவித்தால் பின்னர் அது 32 ஜிபி போலத் தெரியலாம். பழுதல்ல. கருவி 32 ஜிபி கொண்ட ஒரு பிரிவை மட்டும் உருவாக்கியிருக்கும். மீதி இடம் வரம்பு கட்டாமல் கிடக்கிறது.

பாவிக்கும் நாளில்

மீட்பு ட்ரைவின் பட்டியலில் 'ரிகவர் புரொம் எ ட்ரைவ்' என்று ஒரு தெரிவு உண்டு. அது விண்டோஸை மீண்டும் நிறுவும். உங்கள் கோப்புகளை அழித்துவிடும். ஆகவே முதலில் தொடக்கப் பழுதுபார்த்தல் போன்ற மற்றத் தெரிவுகளை முயல வேண்டும். புதிதாக நிறுவும் திரையில் எழுத்துகளே இல்லாமல் 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3' என்ற விதத்தில் வரும். அளவு பார்த்து உறுதியாகத் தெரியாதவரை 'டிலீட்', 'போர்மட்' பொத்தான்களைத் தொடாதீர்கள்.

சில மடிக்கணினிகளில் தட்டு பிட்லொக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். அப்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி கேட்கும். அதை இப்போதே உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் தேடி எடுத்து, கடதாசியில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

பிழை நடந்துவிட்டால்

உடனே நிறுத்துங்கள். அந்தத் தட்டில் ஒரு கோப்பைக்கூடப் புதிதாக எழுதாதீர்கள். விரைவு முறையில் போர்மட் செய்யும்போது பெரும்பாலும் கோப்புகளின் அட்டவணை மட்டுமே புதிதாகிறது. பழைய தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் தேடலாம். மீட்ட கோப்புகளை வேறொரு தட்டிலேயே சேமிக்க வேண்டும். இம்மென்பொருள் கோப்பின் உள்ளமைப்பைப் பார்த்துத் தேடுவதால் பழைய பெயர்கள் கிடைக்கா. எஸ்எஸ்டீ வகைத் தட்டுகளில் அழிந்த இடத்தைத் தட்டே துப்புரவு செய்துவிடக்கூடும் என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு. முக்கியமாக, செய்ததை வீட்டில் மறைக்காதீர்கள். பயந்துபோய் நாமே அங்குமிங்கும் அழுத்தினால், மீட்கக்கூடியதும் போய்விடும்.

நிபுணர்களுக்கும் நடந்தது

இது அனுபவமில்லாத பிள்ளைகளின் பிழை மட்டுமல்ல. 2017 ஜனவரி 31 ஆம் திகதி, மென்பொருள் எழுதுவோர் தமது வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லப் சேவையில், நீண்ட நேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர் துணைச் சேவையகத்தின் தரவை அழிப்பதாக எண்ணி, பிரதான சேவையகத்தின் தரவை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. காப்புப்பிரதி எடுக்கப் பல முறைகள் வைத்திருந்தும், அவை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி கைகொடுத்தது. அந்த ஆறு மணித்தியாலத் தரவு திரும்பவில்லை. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் எல்லோரும் படிக்க வெளியிட்டது.

அவருக்கும் எனக்கும் அறிவில் எவ்வளவோ தூரம். ஆனால் இரண்டு பேரும் செய்த பிழை ஒன்றே. எதை அழிக்கிறோம் என்பதைத் தெரிந்துவிட்டதாக நினைத்தோமே தவிர, சரிபார்க்கவில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல்

16 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கித் தாருங்கள். அதில் வேறு எதுவும் போட வேண்டாம். குடும்பப் படங்களையும் சான்றிதழ்களின் பிரதிகளையும் இரண்டாவது தட்டு ஒன்றில் எடுத்து, அதை வேறு வீட்டில், முடிந்தால் கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதிகளை ஒரே வெள்ளம் கொண்டு போகும் என்பதை எமது ஊர்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு தட்டுகள் இருக்கின்றன. இரண்டாவது, ஏறாவூரில் சாச்சி வீட்டு அலுமாரியில் இருக்கிறது. சென்ற விடுமுறையில் உம்மாவை உட்காரவைத்து, மூத்தம்மா படித்த தாலாட்டை அவருக்கு நினைவிருக்கும் அளவுக்குப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். மூத்தம்மாவின் குரல் அல்ல அது. ஆனாலும் பதிவு செய்த அன்றே இரண்டு தட்டிலும் பிரதி எடுத்தேன். எடுக்கும் முன் ஒவ்வொன்றின் அளவையும் பார்த்து, கடதாசியில் எழுதினேன்.